இரண்டு வில்லும் ஒரு மளிகைத் தராசும்

முதல் வில் போனது கார்த்திகை தீபத்துக்கு மறுநாள். ஒடிந்தது என்று சொன்னால் சரியாக இருக்காது, உரிந்துவிட்டது. நாணை இருபது அங்குலம் இழுத்திருப்பேன். கீழ்க்கையில், அதாவது வில்லின் கீழ்ப்பாதியில், ‘டிக்’ என்று ஒரு சத்தம். அப்புறம் வில்லின் முதுகில் ஒட்டியிருந்த மூங்கில் பட்டை வாழைமட்டை உரிவது மாதிரி எழுந்து நின்றது. ஒரு மாத வேலை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். “அப்பா, கண்ணுல படலல்ல?” என்று கேட்டாள். படவில்லை. ரோஷத்தில்தான் பட்டது.

எனக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பாலக்கோட்டில் சின்னக் கடை, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகள், பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு தர்மபுரி போன இடத்தில் வில்வித்தையைப் பார்த்துவிட்டு வந்து, “காயில் கட்றீங்க, ஒரு வில் கட்ட மாட்டீங்களா?” என்றாள். கம்பெனி வில்லின் விலையை விசாரித்த பிறகு, கட்டிப் பார்ப்போம் என்று தோன்றியது. நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்டு’ என்றே ஒரு பிரிவு இருக்கிறது. அதில் மூங்கில், மர வில்தான். 30 மீட்டர், 50 மீட்டர் தூரத்தில் எய்கிறார்கள். அதனால் மர வில் என்றால் வெறும் விளையாட்டுச் சாமான் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஏன் ஒற்றை மரத்தில் செய்யாமல் பட்டை பட்டையாக ஒட்ட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வில் வளையும்போது இலக்கைப் பார்க்கிற பக்கம், அதாவது முதுகு, இழுபடுகிறது. எய்பவரைப் பார்க்கிற பக்கம், அதாவது வயிறு, நசுங்குகிறது. இரண்டையும் ஒரே மரம் நன்றாகத் தாங்குவது அபூர்வம். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய நார் இழுவிசையைத் தாங்குவதில் கெட்டிக்காரன். நசுக்கத்தைத் தாங்க வைரம் பாய்ந்த கெட்டி மரம் வேண்டும். நடுவில் என்ன இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை, எடை குறைந்திருந்தால் நல்லது. (மோட்டாருக்குள் இருக்கும் ‘கோர்’ என்ற இரும்புப் பகுதியும் தகடு தகடாக அடுக்கியதுதான், ஆனால் அதன் காரணமே வேறு. இதைச் சொல்லி ஒரு நண்பரிடம் அரை மணி நேரம் குழப்பியிருக்கிறேன்.)

முதல் வில்லில் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அதையே மூன்று இடத்தில் செய்தேன். மாதம் ஐப்பசி, வெளியே விடாத மழை. மூங்கில் அப்போதுதான் வாங்கியது. கருவேலம் பலகை அறுவை மில்லில் அன்று அறுத்தது. இரண்டையும் ஒட்டியது தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசை, அதில் பாதிக்குத் தண்ணீர். ஏற்கனவே ஈரமாக இருக்கும் மெல்லிய பட்டைகளுக்கு நடுவே இன்னும் தண்ணீரை வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, மேலே பிளாஸ்டிக் தாளும் சுற்றிவிட்டேன். அந்தத் தண்ணீர் எங்கே போகும்? உரிந்த இடத்தை நகத்தால் கீறினால் பசை பால்கோவா மாதிரி வந்தது.

உரிவதற்கு முன்பே வில் சொல்லிப் பார்த்திருக்கிறது. நாணைக் கழற்றினால் நேராக நிமிராமல் நுனிகள் 6 செ.மீ. வயிற்றுப் பக்கமே வளைந்து நின்றன. ஈர மரம் நசுங்கினால் திரும்பி வராது. அதை நான் ‘மரம் பழகுகிறது’ என்று நினைத்துக்கொண்டேன். ஈரமான காயிலுக்குக் கரண்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்று தினமும் வாடிக்கையாளர்களுக்கு வகுப்பு எடுக்கிறவன் நான். மெக்கர் என்ற மின்காப்புச் சோதனைக் கருவியை வைத்துப் பார்க்காமல் ஒரு மோட்டாரையும் வெளியே விட மாட்டேன்.

எங்கள் தெரு ஆசாரி அண்ணன் வில் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். “கருவேலம் நல்ல மரந்தான் தம்பி. நீ போட்டது மரமில்ல, தண்ணி” என்றார். வண்டிச் சக்கரத்துக்கும் ஏருக்கும் காலங்காலமாகப் போட்ட மரத்தைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கூடவே ஒரு வார்த்தை சொன்னார்: “உங்க தாத்தா வண்டியோட ஏர்க்கால் மாட்டுக்கொட்டாயில சும்மாத்தானே கெடக்குது?”

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அங்கேதான் கிடக்கிறது. முப்பது வருடமாவது காய்ந்த கட்டை. அம்மாவிடம் கேட்டபோது முதலில் முடியாது என்றார். தாத்தா மாரண்டஅள்ளி சந்தைக்கு ஓட்டிய வண்டி என்றார். பேத்திக்கு என்றதும் சரி என்றார். அறுக்கும்போது உள்ளே ஒரு பழைய ஆணி இருந்து ஆசாரி அண்ணன் ரம்பத்தில் இரண்டு பல் போயிற்று. அன்றைக்கு அவர் எனக்குச் சொன்னவற்றை இங்கே எழுத முடியாது. பழைய கட்டையை அறுப்பதற்கு முன்னால் காந்தம் வைத்துத் தடவிப் பாருங்கள். என்னிடம் ஸ்பீக்கர் காந்தம் டப்பா நிறையக் கிடந்தது, தோன்றவில்லை.

மூங்கிலுக்குத்தான் அதிகம் அலைந்தேன். முதலில் கல் மூங்கில் என்று நினைத்திருந்தேன். நம் காடுகளில் நிறைய இருப்பது அதுதான், உள்ளே கெட்டியாகவும் இருக்கும். ஒகேனக்கல்லில் பரிசல் பின்னும் பெரியவர் ஒருவரிடம் போய் விவரம் சொன்னேன். அவர் என் கையில் இருந்த கழியைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “பட்டை தட்டையா வேணும்னா தடி பெருசா இருக்கோணும்” என்றார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவர் சொன்னதுதான். 6 செ.மீ. விட்டமுள்ள மூங்கிலிலிருந்து 32 மி.மீ. அகலப் பட்டை எடுத்தால், அதன் நடு முதுகு விளிம்பைவிட 4.5 மி.மீ.க்கு மேல் உயர்ந்து நிற்கும். 11 செ.மீ. விட்டம் என்றால் இந்த உயரம் 2.5 மி.மீ.கூட வராது. பட்டை நடுவில் அப்படித் தடிமனாக நின்றால் அது வயிற்று மரத்தை நசுக்கிவிடும். மூங்கில் அவ்வளவு பலசாலி. ஆகவே பெரிய முள் மூங்கில்தான். மூன்று வயது தாண்டியதாக, தேய்பிறையில் வெட்டியதாகப் பார்க்கச் சொன்னார். தேய்பிறை விஷயத்தை நான் சோதித்துப் பார்க்கவில்லை. மூங்கிலில் மாவுச்சத்து அதிகமிருந்தால் வண்டு துளைக்கும் என்பது உண்மை. தர்மபுரியில் ஏணி மூங்கில் விற்கும் கடையில் குடைந்து தேடி, கணு இடைவெளி நீளமான ஒன்றை எடுத்துவந்தேன்.

பிளந்து, உட்பக்கத்தை மட்டும் இழைப்புளியால் தட்டையாக்கினேன். வெளிப்பக்கத்தில் மினுமினுப்பான மெழுகுத் தோலை மட்டும் சுரண்டி எடுக்கலாம், அதற்குக் கீழே உள்ள நாரை ஒரு கீறல்கூடப் போடக் கூடாது. கணுவின் மேடுகளைத் தட்டையாக்கத் தோன்றும். தட்டையாக்கினால் அந்த இடத்தில்தான் ஒடியும். கூர்முனையை மட்டும் உப்புத்தாளால் மழுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். மூங்கில் சிராய் விரலில் ஏறினால் இரண்டு நாளுக்கு ஸ்பேனர் பிடிக்க முடியாது, கையுறை போடுங்கள்.

இனி தராசு.

மரத்தின் ஈரத்தை அளக்க ஊசி வைத்த கருவி விற்கிறது. அதுவும் மின்தடையைத்தான் அளக்கிறது, நம் மெக்கருக்குத் தூரத்துச் சொந்தம். வாங்கப் போனேன், அப்புறம் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். காய்கிற மரம் எடை குறையும். எடை குறைவது நின்றால் அந்தச் சூட்டுக்குக் காய வேண்டியது காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மனைவி வீட்டு முன்னறையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், ஒரு கிராம் காட்டும் தராசு அங்கே இருக்கிறது. தினமும் காலையில் கடை திறக்கும் முன் ஒவ்வொரு பட்டையையும் வைத்து எடை போட்டு, பால் கணக்கு எழுதும் நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதிவந்தேன். மூங்கில் 356 கிராமில் ஆரம்பித்தது. பதினோராம் நாள் 318. அதன் பிறகு மூன்று நாள் அதே 318. ஏர்க்கால் பட்டை 481-லிருந்து 470-க்கு வந்து நான்காம் நாளே நின்றுவிட்டது. தாத்தா ஏற்கனவே காயவைத்திருந்தார்.

உலர்த்தியது கடையிலுள்ள வார்னிஷ் பெட்டியில். காயிலுக்கு வார்னிஷ் ஊற்றிய பின் காயவைக்க, நான்கு 100 வாட் குண்டு பல்பு போட்ட தகரப் பெட்டி என்னிடம் உண்டு. நீளம் போதாததால் ஒரு தகர டிரம்மை வெட்டி நீட்டினேன். வார்னிஷுக்கு வைக்கிற சூடு மரத்துக்கு ஆகாது, வெடித்துவிடும். இரண்டு பல்பைக் கழற்றி, மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். பல்பு வெளிச்சம் பட்டையின் மேல் நேராக விழாமல் நடுவே ஒரு தகடு. இதெல்லாம் தை மாதக் கடைசியில். வெளிக்காற்றே பாதி வேலையைச் செய்தது.

அளவு தெரிந்துகொள்ள விரும்புபவர்களுக்கு: வில்லின் நீளம் 68 அங்குலம், அதாவது 173 செ.மீ. கைப்பிடி ஓரத்தில் 32 மி.மீ. அகலம், பாதிக் கை வரை அதே அகலம், பிறகு நுனியில் 12 மி.மீ.க்குக் குறுகும். மூங்கில் நடுவில் 3.5 மி.மீ., நடுப்பட்டை பழைய ஜன்னல் சட்டத் தேக்கு 3 மி.மீ., வயிறு கருவேலம் கைப்பிடிப் பக்கம் 5, நுனிப் பக்கம் 3. கைப்பிடிக்குத் தனியாக ஒரு தேக்குக் கட்டை. அதன் இரு முனையும் சரிவாக இறங்கிப் பூஜ்யமாக வேண்டும். செங்குத்தாக நின்றால் முதல் இழுப்பிலேயே தெறித்துவிடும்.

பசை இந்த முறை அரால்டைட் என்ற எபாக்சிப் பசை, சீக்கிரம் இறுகும் வகை அல்ல, நிதானமாக இறுகும் வகை. தண்ணீரே கிடையாது. ஒட்டும் முகங்களை 60 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கி, தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் அசிட்டோனால் துடைத்தேன். அந்த எண்ணெய் மறுபடி மேலே வரும், ஆகவே துடைத்தவுடன் ஒட்டிவிட வேண்டும். அச்சு என்பது ஒரு நீளமான கட்டை, அதன் மேல்முகம் நுனிகளில் 5 செ.மீ. எதிர்ப்பக்கம் வளைந்திருக்கும். பட்டைகளை இப்படி எதிர்வளைவில் ஒட்டினால் வில் பின்னால் வயிற்றுப் பக்கம் வளைந்து போவதற்கு முன்கூட்டியே ஒரு கையிருப்பு கிடைக்கிறது. வேகமும் கூடுகிறது.

இறுக்க கிளாம்ப் ஆறுதான் இருந்தது. மிச்சத்துக்கு பங்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப்பை வாங்கி நீள நாடாவாக அறுத்துச் சுற்றினேன். கிளாம்பை விட இது எனக்குப் பிடித்துப்போயிற்று, எல்லா இடத்திலும் ஒரே சீரான அழுத்தம். எபாக்சியை அளவுக்கு மேல் இறுக்கினால் பசை முழுக்க வெளியே போய் இணைப்பு பட்டினி கிடக்கும். டியூப் அவ்வளவு இறுக்காது. சிக்கல் என்னவென்றால் பசை தடவிய பட்டைகள் விளக்கெண்ணெய் பூசிய மாதிரி வழுக்கும். சுற்றி முடித்துப் பார்த்தால் கீழ்க்கைப் பக்கம் நடுப்பட்டை 4 மி.மீ. ஒதுங்கியிருந்தது. அவிழ்க்க நேரமில்லை. நல்லவேளை, அகலத்தை 40 மி.மீ. விட்டிருந்தேன். ஒரு நாள் முழுக்க அச்சிலேயே விட்டு, பிறகு அச்சோடு சேர்த்துப் பல்புப் பெட்டியில் ஆறு மணி நேரம்.

மறுநாள் டியூப்பை அவிழ்த்தபோது இருந்த மகிழ்ச்சி அதற்குப் பிறகு எந்தக் கட்டத்திலும் வரவில்லை. விளிம்பில் மூன்று நிறம்: வெளிர் மூங்கில், பழுப்புத் தேக்கு, கருஞ்சிவப்பு வேலம். இழைத்துப் பக்கங்களைச் சமமாக்கியதும் தாத்தா கட்டையின் நிறம் வெளியே வந்தது. அம்மா தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அப்புறம் வளைவைச் சீராக்கும் வேலை. வில் செய்பவர்கள் இதை டில்லரிங் என்கிறார்கள். சுவரில் ஒரு கட்டையில் கைப்பிடியை உட்கார வைத்து, நாணில் கயிறு கட்டி, கீழே ஒரு கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுப்பது. போர் மோட்டார் தூக்கும் கப்பி கடையில் கிடந்தது. தள்ளி நிற்பது முக்கியம். வில் ஒடிந்தால் துண்டு முகத்தை நோக்கித்தான் வரும். சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு இழுப்புக்கும் போனில் படம் எடுத்து மேல்கையையும் கீழ்கையையும் ஒப்பிட்டோம். படம் எடுப்பது மகள் வேலை.

சுரண்டுவது வயிற்றை மட்டும். மூங்கிலைத் தொடவே கூடாது. ஹாக்ஸா பிளேடின் முதுகைச் சாணை பிடித்து சுரண்டியாக்கிக்கொண்டேன். இங்கேதான் ஒரு கணக்கை மனதில் வைக்க வேண்டும். அகலத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். தடிமனை 10-லிருந்து 9 மி.மீ. ஆக்கினால் விறைப்பு 27 சதவீதம் போய்விடும், ஏனென்றால் தடிமன் மும்மடிப் பெருக்கமாக வேலை செய்கிறது. காகிதம் அளவு சுருள் நான்கு எடுத்தாலே படத்தில் தெரியும். நான்கு சுருள் எடுக்க வேண்டும், முப்பது தடவை மெதுவாக இழுத்துவிட வேண்டும், அப்புறம்தான் பார்க்க வேண்டும். இழுக்காமல் பார்த்தால் மரம் இன்னும் பழைய கணக்கையே சொல்லும்.

எங்கே விறைப்பு, எங்கே நெகிழ்வு என்று கண்ணுக்குப் பிடிபடாதபோது ஒரு சின்ன உபாயம் உதவியது. 15 செ.மீ. தட்டைக் கட்டையின் நடுவில் துளை போட்டு ஒரு பென்சிலைச் செருக வேண்டும். வில் வளைந்திருக்கும்போது இதை வயிற்றின் மேல் தள்ளிக்கொண்டு போனால், நன்றாக வளைந்த இடத்தில் பென்சில் முனை எட்டாது. விறைத்த இடத்தில் கோடு விழும். கோடு விழுந்த இடத்தைச் சுரண்ட வேண்டும். அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டை விட்டேன். ஒரு மோட்டாரை அவசரமாகக் கொடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் வாசலில் நிற்க, நான் ஒரே இடத்தில், கீழ்க்கையில் கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, பேசிக்கொண்டே சுரண்டியிருக்கிறேன். அன்று மாலைப் படத்தில் அந்த இடம் முழங்கை மடங்குவது போல மடங்கியது. எடுத்ததைத் திரும்ப வைக்க வழியில்லை. அந்த இடத்தைத் தொடாமல், மற்ற எல்லா இடத்தையும் அதன் அளவுக்கு இறக்கிக்கொண்டு வர வேண்டும். பத்து நாள் அதற்கே போனது.

இழுப்பெடையைப் பார்த்தது ஒரு சுருள்வில் தராசில். ஸ்பிரிங்குக்குத் தமிழில் சுருள்வில் என்று பெயர் வைத்தவரை அன்றைக்குத்தான் மெச்சினேன். வில்லின் பலத்தை எங்கேயும் பவுண்டில்தான் சொல்கிறார்கள். நான் 26 அங்குல இழுப்பில் 30 பவுண்டு நினைத்திருந்தேன். முழங்கையைச் சரிசெய்து முடிக்கும்போது தராசு 11 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது, 24 பவுண்டு. மனசு சோர்ந்து மகளின் பயிற்சியாளரிடம் சொன்னால், அவர், “இவளுக்கு அதுவே தாராளம்ங்க, முப்பது கொடுத்திருந்தா தோள் கெட்டுப்போயிருக்கும்” என்றார். என் தப்பு என் பேராசையைத் திருத்தியிருக்கிறது. இதை ஆசாரி அண்ணனிடம் சொல்லவில்லை.

நாணுக்கு முதலில் நைலான் கயிறு போட்டது வீண், இழுக்க இழுக்க நீளுகிறது. டேக்ரான் என்ற பாலியஸ்டர் நூல் வரவழைத்து 12 இழை முறுக்கினேன். அம்பு பொருந்தும் நடுச்சுற்றுக்கு மட்டும் காயில் கட்டும் நூல். நாணேற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி, முஷ்டி மடக்கிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் வரும் உயரம், கிட்டத்தட்ட ஆறரை அங்குலம். மேலே தெளிவான வார்னிஷ் நான்கு பூச்சு. காயிலுக்குப் போடும் சிவப்பு வார்னிஷைப் பூசக் கை பரபரத்தது, மகள் விடவில்லை.

எய்து பார்த்தது பங்குனியில், கொட்டகைக்குப் பின்னால், பழந்துணி திணித்த நான்கு கோணிகளை அடுக்கி. அம்பு கடையில் வாங்கியது. முதல் அம்பு கோணியில் விழுந்தது, இரண்டாவது கோணிக்கு மேலே போய் பக்கத்துக் கொல்லை மண்ணில் குத்தி நின்றது. அதோடு கோணி ஆறு ஆனது, பின்னால் ஒரு சுவரும் வந்தது. தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: “என்னங்க, காட்டுப்பன்னிக்கா?” பயிரை அழிக்கிற பன்றி மேல் இருக்கிற கோபம் புரிகிறது. ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. வில்லோடு காட்டோரம் நடந்தாலே வனத்துறைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். எங்கள் வில் கொட்டகையைத் தாண்டிப் போனது பயிற்சி மைதானத்துக்கு மட்டும்தான், அதுவும் உறையில். தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகல் வீரர்களைப் பார்க்கக் கூட்டிப்போனபோதுகூட வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் போனோம். அங்கே கல்லில் வில் பிடித்து நிற்கிற ஒருவரைக் காட்டி, “இவர் கைப்பிடியை எங்க புடிச்சிருக்கார் பாருங்க” என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்பு இல்லாமல் நாணை இழுத்துவிடக் கூடாது என்பதை மட்டும் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பையனுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்புக்குப் போக வேண்டிய சக்தி முழுக்க வில்லுக்குள்ளேயே திரும்பும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதும் அப்படித்தான், எபாக்சி சூட்டில் இளகும்.

ஏழு மாதம் ஆகிறது. நாணைக் கழற்றினால் நுனிகள் அச்சில் வைத்த 5 செ.மீ. எதிர்வளைவில் இரண்டரையை இன்னும் வைத்திருக்கின்றன. வயிற்றில் நசுங்கல் கோடு எதுவும் இல்லை. கீழ்க்கையின் அந்த ஒரு சாண் இடத்தை மட்டும் வாரம் ஒரு முறை லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது மறுபடி ஐப்பசி. செய்து முடித்த நாளில் வில் நாணில்லாமல் 486 கிராம். வார்னிஷ் ஈரத்தைத் தாமதப்படுத்தும், முழுக்கத் தடுக்காது. நேற்று காலை கடை திறப்பதற்கு முன் மகள் வில்லைத் தராசின் குறுக்கே வைத்து, ஆடாமல் நிற்கும் வரை காத்திருந்து எண்ணைப் படித்தாள். 494. பால் கணக்கு நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினாள்.

“இன்னிக்கு நாண் ஏத்த வேணாம்ப்பா. பெட்டியில ரெண்டு பல்பு போடுங்க.”